ஒரே மாத்திரை, வேறு வேறு வீடு: ஆரோக்கிய ஏற்றத்தாழ்வை ஓர் ஊர் எப்படிக் குறைக்கலாம்?

மதுரை செல்லூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். விசைத்தறிக் கூடத்தில் வேலை. பத்து வருடமாகச் சுகர். மாத்திரை மட்டும் போதாது என்றாகி, இப்போது இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அடுப்படி மூலையில் ஒரு மண்சட்டி, அதில் ஆற்று மணல். காலையும் மாலையும் மணலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். மணலுக்குள் புதைத்த சின்ன டப்பாவில் இன்சுலின் குப்பி. மதுரையின் சித்திரை வெயில் தெரிந்தவர்களுக்கு அந்தச் சட்டியின் அருமை புரியும்.

மாத்திரைக்கு அவர் அலைய வேண்டியதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அக்காவுக்குச் சுகர் இறங்கவில்லை.

“டாக்டரம்மா நடக்கச் சொல்றாங்க தம்பி. எங்குட்டு நடக்க? விடிகாலையில தண்ணி வரும், குடத்தோட நிக்கணும். அப்புறம் தறி. ராத்திரி வந்தா தெருவுல லைட்டு கெடையாது, நாய் வேற வெரட்டுது.”

கே.கே. நகரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கும் அதே சுகர், அதே மாத்திரை. ஆனால் அவர் காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று நடந்துவிட்டு, வரும் வழியில் கீரை வாங்கிக்கொண்டு வருவார். மதியம் ஒரு கரண்டி சோறு, பாதித் தட்டுக்குக் காய். அக்காவின் தட்டில் ரேஷன் அரிசிச் சோறுதான் மலை மாதிரி இருக்கும், குழம்பு கொஞ்சம். சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தை நிரப்பக் காசு வேண்டும்.

நோய் ஒன்று, மாத்திரை ஒன்று, ஊரும் ஒன்று. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு உடம்புகள் மட்டும் வெவ்வேறு பாதையில் போகின்றன. இதைத்தான் ஆரோக்கிய ஏற்றத்தாழ்வு என்கிறார்கள்.

ஆளுக்கு ஆள் உடம்பு வேறுபடுவதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எண்பது வயதுத் தாத்தாவுக்கு இருபது வயதுப் பேரனைவிட மூட்டுவலி அதிகம் என்றால் அது வயதின் வேலை, யாரும் குற்றவாளி இல்லை. ஆனால் சாக்கடை ஓரத்தில் குடியிருப்பதால் ஒரு குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது, மேட்டுத் தெருக் குழந்தைக்கு வருவதில்லை என்றால் அது வேறு கதை. அந்த வேறுபாட்டைத் தவிர்த்திருக்க முடியும், தவிர்க்காமல் விட்டிருக்கிறோம். தவிர்க்கக்கூடியதா, நியாயமற்றதா என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்று வந்தால் அது ஏற்றத்தாழ்வு.

ஏழை நாடுகளுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை இது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் ஒன்று, மைக்கேல் மார்மட் தலைமையில், 2008-இல் அறிக்கை கொடுத்தது. அதன்படி அப்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்ட்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறக்கும் ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 54. சில மைல் தள்ளி லென்ஸி என்ற வசதியான இடத்தில் 82. நடுவில் 28 வருடம்! அங்கே யாரும் காசு கொடுத்து வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை, ஆஸ்பத்திரி எல்லோருக்கும் இலவசம். அப்படியிருந்தும் இந்த இடைவெளி.

நம் பக்கம் வந்தால், சராசரி என்கிற எண் நம்மை நன்றாக ஏமாற்றும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. மார்தட்டிக்கொள்ள வேண்டிய எண்தான். அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், அவர்கள் வீட்டுத் தட்டு வரை இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த 53 பேர் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று சராசரி சொல்லாது. தெருவைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அங்கேதான் உள்ளாட்சி வருகிறது.

மாநகராட்சிக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம், ஆஸ்பத்திரிதானே பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் நம் மாகாணத்தில்தான், 1939-இல் வந்தது. அந்தச் சட்டத்தில் குடிநீர், வடிகால், கழிப்பிடம், கொசு, உணவு என்று வரிசையாக உள்ளாட்சியின் தலையில் பொறுப்புகளை ஏற்றிவைத்திருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய 18 வேலைகளில் பொதுச் சுகாதாரமும் ஒன்று, குடிசைப் பகுதி மேம்பாடும் ஒன்று. மதுரையில் நகராட்சி 1866-இல் வந்தது, 1971-இல் மாநகராட்சி ஆனது. ஸ்டெதஸ்கோப் இல்லாமல் செய்கிற வைத்தியத்தை இந்த ஊர் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிறது என்றே சொல்லலாம்.

அக்காவின் பிரச்சினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் நேரம், தெருவிளக்கு, நாய், நடப்பதற்கு இடம். நான்கையும் எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் எழுத முடியாது. நான்கும் மாநகராட்சியின் மேசையில் இருப்பவை.

ஆனால் மற்றவை? ரேஷன் கடை உணவுத் துறையின் கையில். தறிக்கூலி முதலாளி கையில், அதைக் கேட்க வேண்டியது தொழிலாளர் துறை. பால்வாடி சமூகநலத் துறைக்குக் கீழே. பெரியாஸ்பத்திரி மருத்துவக் கல்வித் துறைக்குக் கீழே. கரண்ட் வாரியம் தனி, குடியிருப்பு வாரியம் தனி, போலீஸ் தனி. அக்காவின் உடம்பு ஒன்றுதான், அதைப் பங்கு போட்டு வைத்திருக்கும் அலுவலகங்கள் பத்து. மாநகராட்சி தன் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டும். மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் வேலை முடியாது.

இப்படிச் சேர்ந்து வேலை செய்பவர்களைப் ‘பங்காளிகள்’ என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம்மூரில் பங்காளி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது வாய்க்கால் வரப்புத் தகராறு. அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் வைத்தார்களோ என்னவோ!

வாய்க்கால் தகராறுக்கு ஒரு நல்ல உதாரணம் கைவசம் இருக்கிறது. செல்லூர்க் கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். கண்மாயும் வாய்க்காலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. வாய்க்காலுக்குள் விழும் குப்பையும் கலக்கும் கழிவுநீரும் மாநகராட்சியின் பொறுப்பு. குப்பையைப் போடுவது நாம். 2024 அக்டோபரில் ஒரு நாள் கொட்டிய மழையில் வாய்க்கால் தாங்காமல் செல்லூர், நரிமேடு பக்கத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. யார் தூர்வார வேண்டியது என்று துறைகள் பேசிக்கொண்டிருந்தாலும், கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒரே தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு வருவது சேற்றுப்புண், வயிற்றுப்போக்கு, அப்புறம் கொசு, அதற்கப்புறம் காய்ச்சல். காய்ச்சல் முகாம் போடுகிறோம். முகாமுக்கு வரும் காய்ச்சலில் ஒரு பங்கு வாய்க்காலில் தொடங்கியது என்று யாராவது இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களா? வாய்க்கால் கோப்பு ஒரு கட்டடத்தில், காய்ச்சல் கோப்பு இன்னொரு கட்டடத்தில்.

அப்படியானால் சேர்ந்து வேலை செய்வது எப்படி? ‘ஒருங்கிணைப்புக் குழு’ போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். குழு கூடும், டீயும் வடையும் வரும், போட்டோ எடுப்பார்கள், அடுத்த கூட்டத்துக்கு வேறு அதிகாரி வருவார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இதைவிட நன்றாக நடக்கும் கூட்டு ஏற்பாடு ஒன்று உண்டு. அது மண்டகப்படி.

அழகர்கோயிலிலிருந்து கிளம்பும் கள்ளழகர் மதுரைக்கு வந்து திரும்புவதற்குள் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் இறங்கி ஏறுகிறார். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு தொழில்காரருக்கோ ஒரு தெருவுக்கோ உரியது. பந்தல், பூ, பானகம், நீர்மோர் எல்லாம் அவரவர் செலவு. கோயில் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. கோயில் செய்வது இரண்டு: எந்த வழியாகப் போகிறோம், எந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்று முடிவு செய்வது. ‘இன்றைக்கு எங்கள் முறை’ என்று தெரிந்தவர் மறக்க மாட்டார். மறந்தால் ஊரே கேட்கும்.

உள்ளாட்சியின் கூட்டு முயற்சிக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. வழியையும் நேரத்தையும் மாநகராட்சி வகுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும், ‘அனைவரும் இணைந்து’ என்று எழுதினால் யாருமே செய்ய மாட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மண்டகப்படியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சாமி நிற்பது செலவு செய்ய வசதி உள்ளவர் வாசலில். ஆரோக்கிய விஷயத்தில் வண்டி அதிகம் நிற்க வேண்டியது பந்தல் போட வழியில்லாதவர் வாசலில்.

வேல்ஸில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971-இல் ஒன்றைச் சொன்னார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகக் கிடைக்கும், எங்கே தேவை குறைவோ அங்கே நிறைந்து கிடக்கும். ‘தலைகீழ் விதி’ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விதிக்குச் சாட்சி தேடி வேல்ஸ் வரை போக வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச முகாமைப் போய்ப் பாருங்கள். காலை பத்து மணி, கல்யாண மண்டபம், வாசலில் பிளெக்ஸ். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் போன மாதம்தான் ஃபுல் பாடி செக்கப் செய்தவர்கள். இலவசமாயிற்றே என்று நானே ஒருமுறை நின்றிருக்கிறேன். மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை தூக்கிய லோடுமேன் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டுமென்றால் அதிகாலை மூன்று மணிக்கு, மார்க்கெட் டீக்கடைக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலும் பிரஷர் மிஷினும் போட்டு உட்கார வேண்டும். இடம் மாநகராட்சியுடையது, ஆளைக் கூட்டிவர வேண்டியது சுமைதூக்குவோர் சங்கம், நர்ஸ் சுகாதாரத் துறை, டீச் செலவு வியாபாரிகள் சங்கம். இதுவும் மண்டகப்படிதான்.

ஏழை நோயாளியை எது தடுக்கிறது என்று இந்த ஊரிலேயே ஒருவர் ஐம்பது வருடத்துக்கு முன் யோசித்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரைக்கு இலவச ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் கூட்டம் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவதில்லை. பஸ் காசு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, அங்கே போய்ச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, ‘கண்ணைத் தோண்டிவிடுவார்களோ’ என்ற பயம், இத்தனையும் வழியில் நிற்கின்றன. அதனால் முகாம் கிராமத்துக்குப் போனது. ஊரில் உள்ள அரிமா சங்கமோ கோயில் கமிட்டியோ பள்ளிக்கூடமோ இடம் கொடுத்து, தண்டோரா போட்டு, சாப்பாட்டையும் ஏற்றுக்கொள்ளும். மருத்துவமனை பரிசோதித்து, வேண்டியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும். ஊர்க்காரர்கள் ஊசி போடுவதில்லை, டாக்டர்கள் தண்டோரா போடுவதில்லை. அவரவருக்குத் தெரிந்த வேலை அவரவருக்கு. 1992-இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரிக்க ஆரோலேப் தொடங்கியபோது விலையும் இறங்கியது. இலவசம் என்ற சொல்லுக்கு மேல் எத்தனை செலவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை அவர்களிடம் உள்ளாட்சிகள் கற்றுக்கொள்ளலாம்.

சோறும் மருந்துதான் என்பதற்கு இன்னொரு உள்ளூர்ச் சாட்சி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காலையில் அம்மா சித்தாள் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்கும் திட்டம் அது. பெயரில் சுகாதாரம் இல்லை, பள்ளிக்கூட வாசலில் உப்புமாவாகவும் பொங்கலாகவும் வருகிறது. வயிற்றில் கரண்டி நிறைய ஏதாவது இருந்தால்தான் வாய்ப்பாடும் தலையில் ஏறும்.

காசநோயில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2023-இல் முடிவு வெளிவந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுத்தார்கள். கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால், கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 முதல் 48 சதவீதம் வரை குறைவு. அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் செய்த வேலை. காசநோயாளிகளுக்கு அரசு மாதம் கொடுக்கும் ஊட்டச்சத்துத் தொகை 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. அதற்கு மேல் யார் வேண்டுமானாலும் ஒரு நோயாளிக்கு உணவுப் பை கொடுக்கப் பொறுப்பேற்கலாம், ‘நிக்‌ஷய் மித்ரா’ என்று அதற்குப் பெயர். ‘காசநோய் இல்லாத ஊராட்சி’ என்று தேர்வாகும் ஊராட்சிக்குக் காந்தி சிலை பரிசு: முதல் வருடம் வெண்கல நிறம், தொடர்ந்து இரண்டு வருடம் என்றால் வெள்ளி நிறம், மூன்று வருடம் என்றால் தங்க நிறம். எனக்கு இதில் ஒரு சின்னப் பயம் உண்டு. சிலை வேண்டும் என்பதற்காக நோயாளியைக் கண்டுபிடிக்காமல் இருந்துவிடக் கூடாது. அதனால் எத்தனை பேருக்குச் சளி பரிசோதித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். கணக்கு எடுப்பவருக்கே பரிசு என்னும்போது எந்தக் கணக்கையும் இரண்டு முறை பார்ப்பது நல்லது.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. மாநகராட்சியிடம் ஒரு புதையல் சும்மா கிடக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவேடு. சான்றிதழ் வாங்க மட்டுமே அதைத் தேடிப் போகிறோம். வார்டு வாரியாக, வயது வாரியாக அதைப் பிரித்துப் போட்டால் எந்தத் தெருக்களில் ஐம்பதுக்கு முன்னால் ஆட்கள் சாகிறார்கள் என்று தெரியும். வீட்டிலேயே நடக்கும் சாவுகளுக்குக் காரணம் சரியாகப் பதிவாவதில்லை என்ற குறை உண்டு, ஆனாலும் வயது பொய் சொல்லாது. அதோடு பால்வாடியில் எடுக்கும் குழந்தைகளின் எடை, தன்னார்வலர் வைத்திருக்கும் சுகர், பிரஷர் பட்டியல், குடிநீர்ப் புகார்கள், கொசுப்புழு கணக்கு. ஐந்தையும் ஒரே வரைபடத்தில் போட்டால் ஐந்தும் ஏறத்தாழ அதே தெருக்களைச் சுட்டும் என்பது என் ஊகம். பெயர் விவரம் வெளியே போகாமல் தெருவை மட்டும் காட்ட முடியும். நூறு வார்டுக்கும் நூற்றில் ஒரு பங்கு என்று பணத்தைப் பிரிக்கும் பழக்கத்தை அந்த வரைபடம் கொஞ்சம் சங்கடப்படுத்தும். வசதியான வார்டு கவுன்சிலர் “எங்கள் மக்கள் வரி கட்டவில்லையா” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் சேவை உண்டு, தேவை அதிகம் உள்ள இடத்தில் கொஞ்சம் கூடுதலாக உண்டு என்பதுதான் அதற்குப் பதில். வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்தில் அம்மா கொஞ்சம் அதிக நேரம் உட்காருவாள், மற்ற மூன்றும் பட்டினி கிடப்பதில்லை.

இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற நகரம் 2013-இல் ‘மார்மட் நகரம்’, அதாவது ஆரோக்கிய ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேலை செய்யும் நகரம், என்று தன்னை அறிவித்துக்கொண்டது. முன்னே சொன்ன அதே மார்மட்தான். அங்கே நகர மன்றத்தோடு சேர்ந்தவர்களில் எனக்குப் பிடித்தது தீயணைப்புத் துறை. தீ பிடிக்காமல் இருக்க வீடு வீடாகப் போய்ச் சோதிப்பது அவர்கள் வழக்கம். போகிற இடத்தில் தனியாக இருக்கும் முதியவர் கீழே விழுகிறாரா, வீடு குளிர்ந்து கிடக்கிறதா என்றும் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். தீயணைப்புக்காரருக்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை அல்லவா?

மதுரையில் யாருக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும்? யோசித்துப் பார்த்தேன். டெங்கு தடுப்புப் பணிக்கு வருகிறார்களே, அந்தப் பெண்கள். தினக்கூலி. கையில் டார்ச்சும் ஒரு சின்ன மருந்துப் பாட்டிலும். கொல்லைப்புறம் வரை போய்ச் சிமெண்ட் தொட்டியின் மூடியைத் திறந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள். தொட்டியைப் பார்க்கும் வழியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரையும் பார்க்கிறார்கள், பள்ளிக்கூட நேரத்தில் வீட்டில் இருக்கும் சிறுமியையும், இன்னும் எங்கும் பதிவு செய்யாத கர்ப்பிணியையும் பார்க்கிறார்கள். அவர்களின் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை, புழு உண்டா இல்லையா என்று மட்டும்தான் கேள்வி. இன்னும் இரண்டு கட்டம் சேர்த்து, அந்தத் தகவல் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து, கூலியிலும் அதற்கு ஏற்ப நாலு காசு சேர்த்தால் போதும். கூலியைச் சேர்க்காமல் கட்டத்தை மட்டும் சேர்த்துவிடுவார்களே என்பதுதான் கவலை.

கூலிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கிய ஏற்றத்தாழ்வைத் தேடி மாநகராட்சி குடிசைப் பகுதிக்குப் போகும் முன், விடிகாலை ஆறு மணிக்குத் தன் வார்டு அலுவலக வாசலிலேயே பார்க்கலாம். துப்புரவுத் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட வந்து நிற்பார்கள். ஊர்க் குப்பையையும் தூசியையும் மூச்சில் வாங்குபவர்கள் அவர்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டமே வந்தது, அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் சாவுகள் நின்றபாடில்லை. கையுறை, பூட்ஸ், வருடாந்திரப் பரிசோதனை, தேதி தவறாத சம்பளம், காலையில் சூடாகச் சாப்பாடு, உடை மாற்ற ஒரு அறை, பெண்களுக்குக் கழிப்பிடம். இதற்கு எந்தப் பங்காளியும் தேவையில்லை, ஒப்பந்தக்காரரோடு போடும் ஒப்பந்தத்தில் நாலு வரி சேர்த்து, அதை நடத்திக் காட்டினால் போதும். சொந்த வீட்டை இப்படி வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூட்டுக்கு அழைத்தால் எவர் மதிப்பார்?

கூட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடு வருவார்கள் என்றும் இல்லை. பள்ளிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் தருகிறோம், சுவர் முழுக்க எங்கள் பிஸ்கட் விளம்பரம் என்று ஒரு கம்பெனி வந்தால் யோசிக்க வேண்டும். இயந்திரம் ஆறு மாதத்தில் ரிப்பேர் ஆகும், விளம்பரம் ஆகாது. வாங்கும்போதே பராமரிப்பு யார் என்று எழுதி வாங்க வேண்டும். துறைகளுக்கிடையிலும் இதே சிக்கல். வைகைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியவர்களுக்கு ராஜாக்கூர் பக்கம் வாரியம் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. கூரை கெட்டியானது உண்மை. ஆனால் வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்தே போய்வந்தவர்களுக்கு இப்போது பஸ்தான் கால். வீடு கட்டியவர், பஸ் விடுபவர், ஆஸ்பத்திரி நடத்துபவர் மூவரும் செங்கல் வைக்கும் முன்பே ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் குடும்பங்களின் நாளில் இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

கிராமப் பக்கம் வேலை இன்னும் எளிது, இன்னும் கஷ்டம். மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள். எளிது என்றேனே, அது ஊர் சின்னது என்பதால். சேடப்பட்டியிலோ கொட்டாம்பட்டியிலோ ஒரு கிராமத்தில் யார் வீட்டில் சமைக்கவில்லை என்று நர்சம்மாவுக்கும் பால்வாடி டீச்சருக்கும் தெரியும். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு கிராமத்துக்கும் சுகாதாரம், குடிநீர், ஊட்டச்சத்து மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு குழுவும் உண்டு, அது இருப்பதே பல ஊர்களில் தெரியாது. கஷ்டம் எதுவென்றால், பொறுப்பாளர். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஒரு அலுவலர் தலையில் எத்தனையோ ஊராட்சி. வழியில் மறித்துச் சட்டையைப் பிடிக்க அவர் அந்த ஊர்க்காரர் இல்லை.

நகரத்தில் கிராம சபைக்கு ஈடாக 2022-இல் பகுதி சபை வந்தது. கவுன்சிலர் தலைமை, ஒவ்வொரு பகுதிக்கும் பிரதிநிதிகள். எங்கள் பக்கம் நடந்த ஒன்றுக்குப் போயிருந்தேன். வேலை நாள், காலை பதினொரு மணி. முப்பது பேர் இருந்திருப்போம், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். சாக்கடை அடைப்பு, ரோடு, மறுபடி சாக்கடை. செல்லூர் அக்கா போன்றவர்கள் ஒருவரும் இல்லை, எல்லோரும் வேலையில். ராத்திரி ஏழரைக்கு வைக்கலாமே என்று எழுந்து கேட்டேன். மேடையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “ஸ்டாஃப் இருக்க மாட்டாங்க சார்” என்று பதில் வந்தது.

வந்த கையோடு அக்காவின் தெருவிளக்குக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மனுவில் வெளிச்சம் இல்லை, திருட்டு பயம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் ‘சர்க்கரை நோயாளிகள் இரவில் நடப்பதற்கு’ என்று எழுதினேன். வாங்கிய குமாஸ்தா இரண்டு முறை படித்துவிட்டு, “இதை சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பணுமா, மின் பிரிவுக்கா?” என்று கேட்டார்.

இரண்டுக்கும் என்றேன். நகல் எடுக்க வெளியே போனேன்.